ஸ்டீராய்டு எடுப்பவரின் வெள்ளையணு எண்ணிக்கையை வாசிக்கும் முறை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஓர் இரவுப் பணி. பிரசவ வார்டிலிருந்து ஊதா மூடிக் குழாய் ஒன்று வந்தது. முப்பது வாரக் கர்ப்பம், பனிக்குடம் உடைந்திருக்கிறது. முந்தின நாள் அந்தப் பெண்ணின் வெள்ளையணு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், 12,600. இன்று அனலைசர் காட்டியது 16,900. நான் யாரையும் கேட்காமல் வார்டுக்கு ஃபோன் போட்டு, "கவுண்ட் ஏறிடுச்சு, இன்ஃபெக்ஷன் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். கருப்பைக்குள் தொற்று என்றால் குழந்தையை அப்போதே வெளியே எடுக்க வேண்டிவரும். வார்டில் ஓட்டமும் நடையும் ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து மேசையிலிருந்த மூத்த டெக்னீஷியன் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார். "பாப்பாவோட நுரையீரலுக்கு ஊசி போட்டாங்களான்னு கேட்டியா?"

போட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 12 மில்லிகிராம். அடுத்த நாள் தாயின் எண்ணிக்கை ஏறி, சில நாட்களில் தானாகவே இறங்கும் என்பது அந்த மருந்தோடு கூடவே வரும் சங்கதி. அன்று நான் செய்தது இரண்டு தவறு. மருந்தைக் கேட்காதது ஒன்று. ஸ்லைடைப் பார்க்காமலே நோயின் பெயரைச் சொன்னது மற்றொன்று. அதற்குப் பிறகு இருபது வருஷமாக என் மேசைக்கு வரும் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் நான் வாயால் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன். சொந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் சுவரைப் புரிந்துகொள்ளுங்கள்

ஊசியில் உறிஞ்சி எடுக்கும் ரத்தத்தில் வருவது ஓடிக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும்தான். வெள்ளையணுக்களில் பெரும்பான்மை வகையான நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி எந்த நேரத்திலும் ஓட்டத்தில் இருப்பதில்லை. சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவரை ஒட்டி மெல்ல உருண்டபடியோ, நுரையீரல், மண்ணீரல் நுண்குழாய்களில் தங்கியபடியோ இருக்கின்றன. அவை உங்கள் ஊசிக்கு வராது. ஆக, 7,000 என்ற எண் உடம்பில் இருப்பதன் கணக்கு இல்லை. நடு ஓட்டத்தில் அகப்பட்டதன் கணக்கு.

சுவரை ஒட்டி உருள்வதற்குப் பிடி வேண்டும். அந்தப் பிடிதான் ஒட்டு மூலக்கூறுகள். செல்லின் மேல் இருக்கும் எல்-செலக்டின் நாயுருவி விதை மாதிரி: தொட்டதும் ஒட்டும், இழுத்தால் விடும், அடுத்த இடத்தில் மறுபடி ஒட்டும். இப்படி ஒட்டி விட்டு ஒட்டி விட்டுத்தான் செல் உருள்கிறது. சுவரின் பக்கத்திலிருந்தும் ஈ-செலக்டின், பி-செலக்டின் என்று கை நீளும். அருகில் எங்காவது திசு அழன்றிருந்தால் அங்கிருந்து வரும் ரசாயனச் சேதி செல்லை உசுப்பும். உடனே இன்டெக்ரின்கள் விழித்துக்கொள்ளும். இது நாயுருவி இல்லை, உடும்புப்பிடி. எல்எஃப்ஏ-1, மேக்-1 என்ற இரண்டும் சுவரிலுள்ள ஐகேம்-1ஐப் பற்றிக்கொள்ள, செல் அப்படியே நின்று, இடுக்கு பார்த்து நுழைந்து திசுவுக்குள் போய்விடும். லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில் ஆகிய மற்ற வெள்ளையணு வகைகளுக்கு விஎல்ஏ-4 என்ற இன்னொரு இன்டெக்ரினும் உண்டு. அது பற்றுவது விகேம்-1ஐ.

ஸ்டீராய்டு இந்த இரண்டு பக்கத்திலும் கை வைக்கிறது. ப்ரூஸ் குரோன்ஸ்டைன் குழு 1992இல் காட்டியது சுவரின் பக்கத்தை. டெக்ஸாமெத்தசோன் பட்ட உட்சுவர்ச் செல்கள், பாக்டீரியாப் பொருளைக் கொண்டு உசுப்பியபோதும் வழக்கமான அளவு ஈ-செலக்டினையும் ஐகேம்-1ஐயும் செய்யவில்லை. அதனால் வந்த செல் பற்றிக்கொள்ளச் சுவரில் இடம் குறைந்தது. செல்லின் பக்கத்தில் நியூட்ரோஃபில் மேலுள்ள எல்-செலக்டின் குறைகிறது. இதை மாடுகளில் மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். டெக்ஸாமெத்தசோன் போட்ட மாட்டின் நியூட்ரோஃபில்களில் எல்-செலக்டின் சரிந்தது, எல்எஃப்ஏ-1, மேக்-1 இரண்டுக்கும் பொதுவான பாகமான சிடி18ம் குறைந்தது, ரத்தத்தில் எண்ணிக்கையோ ஏறியது. அனெக்சின் ஏ1 என்ற புரதத்துக்கும் இதில் பங்குண்டு. ஸ்டீராய்டு அதைத் தூண்டிவிடும், அது சுவரில் ஒட்டிய செல்லைக் கழன்றுபோகச் செய்யும்.

பிடி தளர்ந்த செல்கள் நடு ஓட்டத்துக்கு வருகின்றன, உங்கள் குழாயிலும் விழுகின்றன. கூடவே மஜ்ஜை கையிருப்பைத் திறந்துவிடுகிறது. நியூட்ரோஃபில்லின் தற்கொலையும் தள்ளிப்போகிறது. (ஈசினோஃபில்லுக்கு நேர் எதிர், ஸ்டீராய்டு பட்டால் அது சீக்கிரம் சாகும்.) ஏற்றத்துக்குக் காரணம் இந்த மூன்றும் சேர்ந்ததுதான். சுவரை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இது புரியவில்லை என்றால் ஓர் அரிய பிறவி நோயை நினைத்துக்கொள்ளுங்கள். சிடி18 இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். உடும்புப்பிடி அறவே இல்லை. தொப்புள்கொடி விழ வாரக்கணக்கில் தாமதமாகும், தொற்று மேல் தொற்று வரும், புண்ணில் சீழ் கட்டாது. ரத்தத்தை எடுத்து எண்ணினால் வெள்ளையணு வாரி இறைத்தாற்போல் இருக்கும். படை முழுக்கச் சாலையில் நிற்கிறது, இறங்கும் வழிதான் இல்லை. ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நடப்பது இதன் மிக மிதமான, தற்காலிகமான சாயல். அதனால்தான் "கவுண்ட் நல்லா ஏறியிருக்கு, எதிர்ப்பு சக்தி கூடியிருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

என் கையிலேயே பார்த்தது

எனக்கு ஆஸ்துமா. ஒரு தடவை மூச்சு முட்டி, டாக்டர் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் காலையில் ஒரே வேளையாக ஐந்து நாளுக்கு எழுதினார். பாடம் வீட்டுக்கே வந்த பிறகு விடுவேனா! மாத்திரை போடும் முன்னும், ஐந்து மணி நேரம் கழித்தும், அடுத்த நாள் காலை அடுத்த மாத்திரைக்கு முன்னும், ஐந்தாம் நாளும் ரத்தம் எடுத்து ஓட்டினேன்.

மாத்திரைக்கு முன்: மொத்தம் 7,400. அதில் நியூட்ரோஃபில் 4,100, லிம்ஃபோசைட் 2,300, மோனோசைட் 500, ஈசினோஃபில் 450, மிச்சம் பேசோஃபில்.

ஐந்து மணி நேரத்தில்: மொத்தம் 9,600. நியூட்ரோஃபில் 8,600, லிம்ஃபோசைட் 800, மோனோசைட் 150, ஈசினோஃபில் 30.

மறுநாள் காலை: மொத்தம் 8,900. நியூட்ரோஃபில் 5,000க்கு இறங்கிவிட்டது, லிம்ஃபோசைட் 2,900, அதாவது தொடங்கிய இடத்தையும் தாண்டி மேலே.

ஐந்தாம் நாள், மாத்திரைக்குப் பின்: 13,900. நியூட்ரோஃபில் மட்டும் 11,800.

இந்த நான்கு வரியில் பாடம் முழுவதும் இருக்கிறது. இரண்டாவது வரியை மறுபடி பாருங்கள். மொத்த எண் பெரிதாக ஏறவே இல்லை, 9,600 என்பது சாதாரண எல்லைக்குள்தான். உள்ளே நியூட்ரோஃபில் இரண்டு மடங்குக்கு மேல், லிம்ஃபோசைட் மூன்றில் ஒரு பங்கு, ஈசினோஃபில் துடைத்தாற்போல். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். அப்புறம் அந்த ஐந்து மணி நேரம். அட்ரினலின் ஏறினால் செல்கள் நிமிஷக் கணக்கில் சுவரை விட்டு இறங்கும். படி ஏறி மூச்சிரைக்க வந்தவரின் எண்ணிக்கையும் அப்படித்தான் கூடியிருக்கும். ஸ்டீராய்டு பெரும்பாலும் மரபணு வழியாக வேலை செய்வது. செல்லுக்குள் போய், உட்கருவைத் தொட்டு, எந்தப் புரதம் வேண்டும் எது வேண்டாம் என்று மாற்றி, அதன் பலன் மேலே வர மணிக்கணக்கு ஆகும். உச்சம் 4 முதல் 6 மணி நேரத்தில், ஒற்றை வேளை என்றால் 24 மணி நேரத்தில் பெரும்பாலும் பழைய நிலை. டேவிட் டேலும் ஆன்டனி ஃபௌச்சியும் 1970களில் இதைத்தான் மனிதர்களில் அளந்து எழுதினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பிரெட்னிசோன் எடுப்பவர்களுக்கு மாத்திரை இல்லாத நாளில் செல்களின் நடமாட்டம் இயல்புக்குத் திரும்புகிறது என்று 1974இல் வந்த அவர்களது ஆய்வு சொன்னது.

லிம்ஃபோசைட்டும் ஈசினோஃபில்லும் எங்கே போயின என்று கேட்பீர்கள். நியூட்ரோஃபில் திசுவுக்குள் போக முடியாமல் ரத்தத்தில் தேங்குகிறது. லிம்ஃபோசைட் அதற்கு மாறாக ரத்தத்தை விட்டு மஜ்ஜை போன்ற இடங்களுக்கு ஒதுங்கிக்கொள்கிறது. மறுநாள் திரும்பி வந்ததே சாட்சி, செத்திருந்தால் 2,900 வந்திருக்காது. ஈசினோஃபில் விழுவது எவ்வளவு நம்பகமானது என்றால், ஜார்ஜ் தோர்ன் 1948இல் அதையே ஒரு பரிசோதனை ஆக்கினார். அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனான ஏசிடிஹெச்சை ஊசியாகப் போட்டு 4 மணி நேரத்தில் ஈசினோஃபில் பாதிக்குக் கீழே இறங்கினால் அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தச் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலை நேரடியாக அளக்க வழி வந்ததும் அந்தப் பரிசோதனை வழக்கொழிந்தது. ஆனால் ஈசினோஃபில் கட்டத்தைப் பார்க்காமல் நான் இன்றும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

இனி வேலைக்கு வருவோம்

ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் மருந்தைக் கேளுங்கள். "ஸ்டீராய்டு எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், அந்தப் பெயர் மாத்திரை அட்டையில் இருக்காது. "மூட்டுல ஊசி போட்டீங்களா? மூச்சுக்கு, தோலுக்கு, அலர்ஜிக்கு மாத்திரை ஏதாவது? கர்ப்பத்துல குழந்தைக்குன்னு ஊசி?" என்று கேட்க வேண்டும். எப்போது போட்டார் என்பது, எவ்வளவு போட்டார் என்பதற்குச் சமமாக முக்கியம். மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தையும் ஐந்து மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து "ஏறிவிட்டது" என்று சொல்வது அர்த்தமில்லாத ஒப்பீடு. மருந்துகளுக்குள் ஒப்பிட ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெக்ஸாமெத்தசோன் 0.75, ஹைட்ரோகார்டிசோன் 20, நான்கும் ஏறக்குறைய ஒரே வலு. 2020இல் கொரோனாவுக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்று ஆனபோது, அது "ஆறுதானே" என்று சின்னதாகத் தோன்றியது பலருக்கு. பிரெட்னிசோலோன் கணக்கில் அது 40.

அடுத்து, சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மொத்தத்தால் பெருக்கி அசல் எண்ணாக்குங்கள். "லிம்ஃபோசைட் 8 சதவீதம்" என்பது 9,600இல் 770ஐ ஒட்டி வரும், 20,000இல் 1,600. இரண்டும் வேறு கதை. நியூட்ரோஃபில்லை லிம்ஃபோசைட்டால் வகுத்து நோயின் தீவிரத்தைக் கணிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. என் எண்களில் அந்த விகிதம் மாத்திரைக்கு முன் 1.8, பின் 10.8. ஐந்து மணி நேரத்தில் நான் ஆறு மடங்கு நோயாளி ஆகிவிடவில்லை. ஸ்டீராய்டு உள்ளே போனபின் அந்த விகிதத்தை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அசல் எண்கள் கிடைத்ததும் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: நியூட்ரோஃபில் மேலே, லிம்ஃபோசைட் கீழே, ஈசினோஃபில் ஏறக்குறைய பூஜ்யம். இது ஸ்டீராய்டின் கைநாட்டு. ஆனால் அதே கைநாட்டைக் கடும் நோயில் உடம்பு தானே சுரக்கும் கார்டிசோலும் போடும் என்பதை மறக்கக்கூடாது. கால்நடை மருத்துவர்கள் இதற்கு 'ஸ்ட்ரெஸ் லூகோகிராம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாயில் மோனோசைட்டும் ஏறும், மனிதரில் முதல் சில மணி நேரம் இறங்கும். பாடம் மாறிப் படித்துவிட்டு வந்து வாதாடிய பயிற்சிப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். ஆக, இந்த மூன்றும் சேர்ந்திருப்பது "ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம்" என்பதைச் சொல்லும். "தொற்று இல்லை" என்று சொல்லாது.

அதைச் சொல்ல ஸ்லைடு வேண்டும். என் கருத்தில் இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அனலைசர் வந்தபின் எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். லீஷ்மன் சாயம் போட்டு, ஸ்மியரின் மெல்லிய பக்கத்தில், எண்ணெய் லென்ஸில் உட்கார்ந்து எண்ணுங்கள். நூறு போதாது, இருநூறு. தேடுவது இரண்டை: பேண்ட் செல்களையும் டாக்சிக் கிரானுலேஷனையும். சுவரிலிருந்து இறங்கி வந்தவை முதிர்ந்த செல்கள், அவற்றின் உட்கரு ஒழுங்காகக் கண்ணி கண்ணியாகப் பிரிந்திருக்கும். சாவு தள்ளிப்போனதால் ஐந்து கண்ணிகூட வரும். தொற்றில் மஜ்ஜை அவசரத்தில் பிஞ்சுகளை அனுப்பும். லாடம் மாதிரி வளைந்த உட்கருவோடு பேண்டுகள் வரும், சைட்டோபிளாசத்தில் கருஊதா மணிகள் (இதுதான் டாக்சிக் கிரானுலேஷன்), குமிழ்கள், டோலே பாடிகள் என்ற வெளிர்நீலத் திட்டுகள் தெரியும். பிரெட்னிசோன் எடுப்பவர்களை வைத்து 1981இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது: எண்ணிக்கை 20,000ஐத் தாண்டலாம், முதல் நாளே தாண்டலாம், ஆனால் பேண்ட் 6 சதவீதத்துக்கு மேல் போவதும் டாக்சிக் கிரானுலேஷன் தெரிவதும் அபூர்வம். இந்த ஆறை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அது ஒருவரைக் காப்பாற்றியது. மாதக்கணக்காகப் பிரெட்னிசோலோன் எடுத்துவந்த பெரியவர். ஒவ்வொரு தடவையும் 14,000ஐச் சுற்றியே வருவார். ஒருநாள் 14,600. அனலைசரில் எச்சரிக்கைக் குறி ஏதும் இல்லை. "வழக்கமான ஸ்டீராய்டு கவுண்ட்தானே அக்கா, அனுப்பிடலாமா?" என்றாள் கூட இருந்த பெண். ஸ்லைடு போட்டேன். இருநூறில் 36 பேண்டுகள், அதாவது 18 சதவீதம். கண்ட இடமெல்லாம் குமிழ். இந்தத் தடவை ஃபோனில் நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன். குடலில் ஓட்டை விழுந்திருந்தது. வயிறு மெத்தென்று இருந்ததாம், காய்ச்சலும் இல்லை. இருக்காது. வலியையும் விறைப்பையும் காய்ச்சலையும் உண்டாக்க வேண்டிய செல்களும் சேதிகளும்தானே மருந்தால் தடுக்கப்பட்டிருக்கின்றன. அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பிகூடத் தாழ்ந்து நிற்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு "பரவாயில்லை போலிருக்கிறது" என்பதே எச்சரிக்கை.

ஈசினோஃபில் கட்டத்துக்கும் ஒரு வார்த்தை. பெரிய அளவு ஸ்டீராய்டு எடுப்பதாகச் சொல்பவருக்கு ஈசினோஃபில் 600 என்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மாத்திரையை உண்மையில் விழுங்குகிறாரா என்பதை. பிறகுதான் புழு, பிறகுதான் மற்றவை. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடல்புழு மட்டும் ஏமாற்றும். ஸ்டீராய்டின் கீழ் அது உடம்பெங்கும் பரவும்போது ஈசினோஃபில் ஏறாமலே இருந்துவிடும்.

ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு வேண்டாம், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். தொடர்ந்து எடுப்பவருக்கு முதல் இரண்டு வாரத்தில் உச்சம் தொட்டு, பிறகு கொஞ்சம் இறங்கி, ஆனால் ஆரம்ப நிலைக்கு வராமல் நிற்பதுதான் வழக்கம். இறங்கி நின்ற எண் காரணமில்லாமல் மறுபடி ஏறினால் அது மருந்தின் வேலை இல்லை.

ஒட்டு மூலக்கூறையே அளக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு

செல்லின் மேலுள்ள மூலக்கூறுகளைச் செல் செல்லாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கிடைத்தால் எல்-செலக்டினை, அதாவது சிடி62எல்லை, நேரடியாகப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த மூலக்கூறைச் செல் தானே கத்தரித்து உதிர்த்துவிடும், ஏடிஏஎம்17 என்ற நொதி அந்தக் கத்தரி. குழாயை வெதுவெதுப்பில் வைத்தீர்கள், வேகமாகச் சுழற்றினீர்கள், குளிரவைத்துச் சூடாக்கினீர்கள் என்றால் செல் உசுப்பேறி உதிர்த்துவிடும், நீங்கள் ஸ்டீராய்டின் மேல் பழி போடுவீர்கள். எடுத்த உடனே ஐஸில், முழு ரத்தத்திலேயே சாயம், தாமதமில்லாமல் ஓட்டுவது. கூடவே மேக்-1இன் மற்றொரு பாகமான சிடி11பியையும் பாருங்கள். அது உள்மணிகளில் கிடங்காக இருப்பது, உசுப்பினால் மேலே வரும். சிடி62எல் இறங்கி சிடி11பி ஏறியிருந்தால் செல் கிளர்ந்திருக்கிறது: தொற்றாலோ உங்கள் கையாலோ. சிடி62எல் இறங்கியும் சிடி11பி அசையாமல் இருந்தால்தான் ஸ்டீராய்டைப் பற்றிப் பேசலாம். மருந்துக்கு முன் அதே ஆளிடம் எடுத்த மாதிரி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், ஆளுக்கு ஆள் வேறுபாடு அவ்வளவு.

நேரம் குறித்துக்கொள்வது இங்கேயும்தான். மருந்தே எடுக்காதவருக்கும் காலையில் கார்டிசோல் உச்சம், லிம்ஃபோசைட் தாழ்வு, இரவில் தலைகீழ். காலை எடுத்ததைக் காலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்லிவிடுவேன். வாரக்கணக்காக எடுத்தவருக்கு அட்ரினல் தூங்கிப்போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. குறைப்பது டாக்டரின் வேலை. எங்கள் வேலை, ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் அந்தச் சின்னக் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடாமல் இருப்பது. நான் எழுதுவது இப்படி இருக்கும்: "மொத்தம் 14,200. நியூட்ரோஃபில் 12,100, முதிர்ந்தவை. 200 செல்களில் பேண்ட் 2 சதவீதம். டாக்சிக் மாற்றம் இல்லை. லிம்ஃபோசைட் 1,300, ஈசினோஃபில் 10. பிரெட்னிசோலோன் 40 மி.கி., ரத்தம் எடுத்தது மாத்திரைக்கு 5 மணி நேரம் கழித்து. முந்தைய எண்ணிக்கை 13,800, ஆறு நாள் முன்பு."